சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா: இரட்டை வீட்டில் சத்தமாகப் பாட்டுக் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வெஸ்ட்கிளிஃப் பக்கம் இரட்டை வீடு ஒன்றில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் அடி ஓசைக்கென்றே இருக்கும் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றும் வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து, பழைய பாட்டுகளை நெஞ்சில் அதிரும் அளவுக்கு வைத்துக் கேட்பதுதான் அந்த வாரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் இருக்கிறார். அவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் இரவில் அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் நடுங்குகின்றன என்று ஆயாவின் மகன் வந்து சொல்லியிருக்கிறார். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் சரியாகுமா, முட்டை அட்டை போதுமா, இல்லை சத்தமாகக் கேட்பதையே விட்டுவிட வேண்டுமா என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, விட்டுவிட வேண்டாம். ஃபோமும் வாங்க வேண்டாம். முப்பது வருடமாக டர்பனிலும் சுற்றுப்பக்கத்திலும் கல்யாண ஹால், கோயில் திருவிழா என்று சவுண்ட் சிஸ்டம் கட்டுபவன் நான். இவ்வளவு காலத்தில் நான் கற்ற முக்கியமான விஷயம் இது: உங்களுக்கு இன்பம் தரும் சத்தமும் பக்கத்து வீட்டுக்குத் துன்பம் தரும் சத்தமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே பாட்டிலிருந்துதான் வருகின்றன, ஆனால் வேறு வேறு பகுதிகளிலிருந்து. அந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆயாவின் டம்ளரை நடுங்க வைப்பது பாடகரின் குரல் அல்ல, வயலினும் அல்ல. பேஸ்தான். 100 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 100 அதிர்வுக்கு, கீழே இருக்கும் அந்த அடி ஓசை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர்தான். 50 ஹெர்ட்ஸில் அதுவே கிட்டத்தட்ட 7 மீட்டர், அதாவது உங்கள் ஹாலைவிட நீளம். இவ்வளவு பெரிய அலைக்கு 5 சென்டிமீட்டர் ஃபோம் இருப்பதே தெரியாது. ஃபோம் என்ன செய்கிறதென்றால், அறைக்குள் எதிரொலிக்கும் மேல்சத்தத்தை உறிஞ்சி, பாட்டை உங்கள் காதுக்குத் தெளிவாக்குகிறது. அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பக்கம் போவதை அது தடுக்காது. முட்டை அட்டை அதைக்கூட ஒழுங்காகச் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்தும் கூட.

இதை நான் புத்தகத்தைப் படித்து மட்டும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் என் வீட்டிலும் ஓர் அறை முழுக்க முட்டை அட்டையும் பழைய கம்பளமும் ஒட்டினேன். உள்ளே நின்று கை தட்டினால் எதிரொலியே இல்லை, அவ்வளவு அமைதி. சத்தம் வெளியே போகவில்லை என்று நம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர், சனிக்கிழமை பகலில்தான் தூங்குவார். இரண்டு வருடம் கழித்து, அவர் மகள் கல்யாணத்துக்கு நான் சவுண்ட் கட்டப் போனபோது, அவருடைய மனைவி பேச்சுவாக்கில் சொன்னார்: “சனிக்கிழமை மட்டும் இவர் தூங்க எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவார் தம்பி, இங்கே கட்டில் ஆடுது.” இரண்டு வருடமாக அந்த மனிதர் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்ட வேதனையில்தான் சுவர், கதவு, பேஸ் என்று இதையெல்லாம் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். ஆகவே ஆயா வாய் திறக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நம்மவர்களில் பெரியவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் குறை சொல்வதைவிடத் தூக்கத்தை இழப்பதையே தேர்ந்தெடுப்பார்கள்.

இந்த நடுச்சுவர்ப் பிரச்சினை உங்கள் தவறும் அல்ல, ஆயாவின் தவறும் அல்ல. இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களை டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். குறைந்த செலவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் என்று கட்டினார்கள். யாருடைய தூக்கத்தையும் நினைத்துக் கட்டிய வீடுகள் அல்ல அவை. அப்புறம் நாம் முன்னால் ஒரு ஹால், பின்னால் ஓர் அறை என்று நீட்டிக்கொண்டோம். நடுச்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, அந்தச் சுவர் எவ்வளவு தடுக்கும்? நம் ஊர்ச் செங்கல் 222 மில்லிமீட்டர் நீளம், 106 மில்லிமீட்டர் அகலம். ஒற்றைச் செங்கல் அகலத்தில் எழுப்பி இரண்டு பக்கமும் பூசிய சுவர், மனிதக் குரல் இருக்கும் மட்டத்தில், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், சுமார் 45 டெசிபல் தடுக்கும். இரண்டு வரிசை வைத்துக் கட்டிய 220 மில்லிமீட்டர் சுவர் என்றால் இன்னும் ஐந்தாறு டெசிபல் கூடும். கனம் இரட்டிப்பானால் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் அலைவெண், அதாவது ஹெர்ட்ஸ் கணக்கு, பாதியாகும் ஒவ்வொரு முறையும் தடுப்பு ஏறத்தாழ அதே அளவு இறங்கும். ஆகவே உங்கள் ஹாலில் 90 டெசிபலில் ஒலிக்கும் பாடகர் குரல், அந்தப் பக்கம் மெல்லிய முணுமுணுப்பாகத்தான் போகும். ஆயாவின் மின்விசிறிச் சத்தமே அதை மூடிவிடும். பேஸ் அப்படியல்ல. சுவரே ஒரு பெரிய தவில் தோல் மாதிரி அதிர்ந்து அதை அந்தப் பக்கம் கொடுத்துவிடும்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. நம் காது அடி ஓசையைக் கேட்பதில் மிக மந்தம். 50 ஹெர்ட்ஸ் ஒலி 44 டெசிபல் அளவை எட்டினால்தான் ஆரோக்கியமான காதுக்கே இலேசாகக் கேட்க ஆரம்பிக்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டாலோ, சத்தம் வெகு வேகமாக ஏறுவது போலத் தோன்றும். நடுத்தர ஒலிகளில் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும், அடி ஓசையில் ஐந்தாறு டெசிபலே போதும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பேஸை மட்டும் ஆறு டெசிபல் குறைத்தால் ஆயாவுக்கு அது பாதியாகிவிடும். பத்துப் பன்னிரண்டு குறைத்தால் பல நேரம் அவர் காதுக்கு எட்டாமலே போய்விடும். மொத்த வால்யூமைக் குறைத்து நீங்கள் பாட்டையே இழக்கத் தேவையில்லை.

அப்படிக் குறைத்தால் பாட்டில் உயிர் இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும். கையிலிருக்கும் ஃபோன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் என்று ஒன்றுமே கிடையாது, ஆனாலும் பாட்டின் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் போகிறது என்று உங்களால் பாட முடிகிறது இல்லையா? ஒரு சுரத்தின் அடி அலை வராவிட்டாலும், அதன் மேல் அடுக்குகளைக் கேட்டு மூளை அந்தச் சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. தம்புராவை மீட்டும்போது யாரும் வாசிக்காத காந்தாரம் தானாக எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு தந்திக்குள் அத்தனை அடுக்குகள் இருக்கின்றன. ஆகவே 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் நெஞ்சில் இடிக்கும் அந்த உதை குறையும், பாட்டு குறையாது. அந்த உதையும் வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது செலவில்லாத வேலைகள். சப்வூஃபர் எங்கே இருக்கிறது? நடுச்சுவரை ஒட்டிய மூலையில் என்றால் இன்றைக்கே அதை எடுங்கள். மூலையில் வைத்த சப்வூஃபருக்குத் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து பலம் கொடுக்கும். ஒவ்வொரு பரப்பும் 6 டெசிபல் வரை கூட்டக்கூடும். கடைக்காரர் மூலையில் வைக்கச் சொல்வது அதனால்தான். உங்களுக்கு வேண்டியது அதிக பேஸ் அல்ல, உங்கள் சோபாவுக்கும் நடுச்சுவருக்கும் இடையே அதிக வித்தியாசம். அதனால் சோபாவை நடுச்சுவருக்கு நேர் எதிர்ச் சுவரை ஒட்டிப் போடுங்கள். சுவரோரம் இயல்பாகவே பேஸ் கூடுதலாகக் கேட்கும். சப்வூஃபரை அந்தச் சோபாவின் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நான்கு மீட்டரில் இருந்த ஒன்று ஒரு மீட்டருக்கு வந்தால் திறந்த வெளியில் 12 டெசிபல் லாபம். அறைக்குள் அதில் பாதி கிடைத்தாலும் அத்தனை அளவு வால்யூமைக் குறைத்துவிடலாம், உங்களுக்கு அதே உதை கிடைக்கும். பெரிய ஸ்பீக்கர்களுக்கும் இதே கணக்கு. அறையின் அந்தக் கோடியில் நிறுத்தி முழு வீட்டையும் நிரப்புவதைவிட, இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்து உங்கள் காதை நோக்கித் திருப்புங்கள். சத்தம் வேண்டியது உங்கள் காதுக்கு, அலமாரிக்கு அல்ல.

அடுத்து, டம்ளரை ஆட்டும் அந்த ஒரே ஒரு சுரத்தைக் கண்டுபிடிப்பது. எல்லா அறைக்கும் சொந்தமாக ஒரு முழக்கம் உண்டு. 3.4 மீட்டர் நீளமுள்ள அறையில் அது 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழும். அந்த இடத்தில் மட்டும் பேஸ் பொங்கும். ஃபோனில் அலைவெண்ணை மெதுவாக ஏற்றும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. 30 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 120 வரை மெல்ல ஏற்றுங்கள். உங்கள் மனைவியோ தம்பியோ ஆயா வீட்டில் நின்று, எந்த இடத்தில் டம்ளர் பாடுகிறது என்று ஃபோனில் சொல்லட்டும். ஒன்றோ இரண்டோ இடங்களில்தான் பாடும். ஒவ்வோர் அலைவெண்ணையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் ஆறு, எட்டு டெசிபல் குறைத்துவிடுங்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் இந்த வசதி உண்டு. இல்லையென்றால் பாட்டு வாசிக்கும் ஃபோன் செயலியிலேயே இருக்கும். நான் கட்டிக்கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையோடு பிரச்சினை தீர்ந்தது. உங்கள் பக்கத்தில் பாட்டும் தெளிவாகிவிடும், ஏனென்றால் உங்களுக்கும் அந்த முழக்கம் மற்றதை மூடிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்று கவனியுங்கள். ஃபோனில் டெசிபல் மீட்டரை வைத்துக்கொண்டு “அந்தப் பக்கம் 38தான் காட்டுகிறது, சத்தமே இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மீட்டர்கள் பெரும்பாலும் ‘ஏ’ அளவுகோலில் அளப்பவை. அது நடுத்தரக் குரல்களுக்கு ஏற்றது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் கழித்துவிட்டுத்தான் காட்டும். செயலியில், பேஸை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அதைவிட நல்ல மீட்டர் ஆயாவின் கட்டிலில் வைத்த உள்ளங்கை.

சுவரைத் தாண்டிப் போவதைவிட ஓட்டை வழியாகப் போவது பல வீடுகளில் அதிகம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம், அதாவது 10 சதுர மீட்டர் சுவர். அதில் ஓர் அடிக்கு ஓர் அடி திறப்பு இருந்தால், அது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் ஏறாது. கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே 30க்கு மேல் போகாது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசல் மாதிரிதான், தொட்டியின் சுவர் எத்தனை தடிமனானாலும் தண்ணீர் விரிசல் வழியே போய்விடும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், அடியில் தூரிகை அல்லது ரப்பர் கட்டை பொருத்துங்கள். அறையின் கதவு உள்ளே வெற்றிடமான மலிவுக் கதவாக இருந்தால் கெட்டி மரக் கதவாக மாற்றுவது பெரிய வித்தியாசம் தரும். சுவரில் மேலே காற்றுக்காகத் துளை விட்டு வைத்திருக்கும் காற்றுச் செங்கல் வழியாகவும் சத்தம் போகும். ஆனால் உள்ளே கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் அதை அடைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. நடுச்சுவரில் உங்கள் பிளக் பாயின்டும் ஆயா வீட்டுப் பிளக் பாயின்டும் முதுகோடு முதுகாக இருந்தால் அங்கே சுவர் அரை அங்குலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடம் மாற்றச் சொல்லுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம்.

எல்லாரும் மறந்துவிடும் வழி தலைக்கு மேலே இருக்கிறது. பழைய இரட்டை வீடுகள் சிலவற்றில் நடுச்சுவர் சீலிங் வரைதான் எழுந்திருக்கும், அதற்கு மேல் கூரைக்குள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளி. சத்தம் உங்கள் சீலிங்கைத் தாண்டி மேலேறி ஆயாவின் சீலிங் வழியாக இறங்கும். டார்ச் எடுத்துக்கொண்டு சீலிங் திறப்பு வழியாக ஒரு முறை பாருங்கள். அந்தப் பக்கத்து மரச்சட்டம் தெரிந்தால் இதுதான் உங்கள் பெரிய ஓட்டை. இரண்டு வீட்டாரும் பேசி, சுவரைக் கூரை வரை எழுப்பி அடைத்தால் சத்தத்துக்கு மட்டுமல்ல, தீ பரவாமலிருக்கவும் நல்லது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் துளை போடவோ, அறுக்கவோ, உடைக்கவோ, தேய்த்துக் கழுவவோ கூடாது. 2008இல் இந்த நாடு ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது, ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் நம் தலைக்கு மேலே இன்னும் இருக்கின்றன. அந்தத் தூசி நுரையீரலில் போனால் பல பத்தாண்டுகள் கழித்து உயிரைக் கேட்கும். அதில் கை வைக்க அங்கீகாரம் பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால், நடுச்சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பலாம். இதில் மூன்று விதிகள்: கனம் வேண்டும், காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், பழைய சுவரைத் தொடக் கூடாது. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பழைய சுவரிலேயே மரச்சட்டத்தை அடித்து அதன்மேல் ரினோபோர்டு என்ற ஜிப்சம் பலகையைப் பொருத்தினால், அதிர்வு சட்டம் வழியாக அப்படியே போய்விடும். மெல்லிய இடைவெளி விட்டால் சில அடி ஓசைகள் முன்னைவிடக் கூடவும் செய்யும். சட்டம் தரையிலும் சீலிங்கிலும் மட்டும் நிற்க வேண்டும். சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி, இடையில் ராக்வூல் போன்ற பஞ்சு நிரப்பி, முன்னால் இரண்டு அடுக்கு பலகை, ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் இணைப்பின் மேல் விழாமல். ஓரங்களை எல்லாம் காய்ந்தாலும் இறுகாத மாஸ்டிக் பசை வைத்து அடைக்க வேண்டும். குரல், நாதஸ்வரம் எல்லாம் இதில் மறைந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மட்டும் ஓரளவுதான் குறையும். ஒரு சுவரை மட்டும் செய்தால் தரை, பக்கச் சுவர், சீலிங் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது மிச்சமிருக்கும். ஆகவே செலவில்லாத வேலைகளை முடித்துவிட்டு, பிறகும் தேவை என்றால் மட்டும் இதில் இறங்குங்கள்.

பின்வாசலில் அவுட்பில்டிங் இருக்கிறதா? இருந்தால் என் மனம் அங்கேதான் போகிறது. நடுச்சுவர் இல்லாத தனி அறை, நடுவில் காற்று. பாதிப் பிரச்சினை அங்கே பிறப்பதே இல்லை. ஆனால் டர்பன் வெயிலை மறக்காதீர்கள். பிப்ரவரிப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது, ஜன்னலைத் திறந்த நொடியில் நீங்கள் செய்த வேலை எல்லாம் வெளியே போய்விடும். ஏசி வைக்க முடியாவிட்டால் கோடையில் சத்தமான நேரத்தைச் சுருக்கிக்கொள்வதே வழி. குளிர்காலத்தில் ஜன்னல் அடைத்திருக்கும், ஆனால் இன்னொன்று நடக்கும். காற்றில்லாத தெளிந்த குளிர் இரவில் தரைக்கு அருகில் காற்று குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து மறுபடி கீழே இறங்கும். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். ஜூலை இரவில் எதிர்ச் சரிவில் நடக்கும் கோயில் பூசையின் உடுக்கைச் சத்தம் நம் வாசலில் அடிப்பது போலக் கேட்பது இதனால்தான். மின்வெட்டு இரவுகளில் பேட்டரி ஸ்பீக்கர் தெருக்கோடி வரை கேட்டதும் நினைவிருக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாம் நின்ற அமைதியில் சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும்.

அடுத்து அந்த நெஞ்சு உதைக்கான தனி வழி. பேஸ் ஷேக்கர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கூம்பு இல்லாத ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை அசைக்காது, அது பூட்டப்பட்ட மரத்தைத்தான் அசைக்கும். சோபாவின் அடிச்சட்டத்தில் பூட்டி, சோபா கால்களுக்குக் கீழே கெட்டியான ரப்பர் வைத்துவிட்டால், உதை உங்கள் முதுகில் இறங்கும், சுவருக்குப் போகாது. சப்வூஃபரைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதை ஓட்டலாம். ஹெட்ஃபோனோடு சேர்த்தால் நடு இரவிலும் முழுக் கச்சேரி கேட்ட மாதிரி இருக்கும். முதலில் நானும் இதை நம்பவில்லை. உட்கார்ந்து பார்த்தபிறகு இரண்டு வீடுகளில் கட்டிக்கொடுத்தேன், இருவரும் இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஹெட்ஃபோன் வாங்குவதானால், பின்பக்கம் திறந்த வகை அகலமாக, ஸ்பீக்கர் மாதிரியே கேட்கும். ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். குழந்தை தூங்கும் அறை என்றால் மூடிய வகை. அதில் காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது வேலையிடங்களுக்கு வைத்த கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 94இல் ஒரு மணி, 100இல் பதினைந்தே நிமிடம். என் தொழிலில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் பலருக்கு ஐம்பது வயதில் காதுக்குள் ரீங்காரம் வந்துவிட்டது. அது மறுபடி போவதில்லை. பாட்டு முடிந்த பிறகு காது அடைத்த மாதிரி இருந்தாலோ, உள்ளே ஊதல் கேட்டாலோ, அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

குறைந்த சத்தத்தில் பாட்டு சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு: 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியது போல, சத்தம் குறையக் குறையக் காது பேஸை அதிகமாக இழக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருப்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். இரவில் மெதுவாகக் கேட்கும்போது அதை அழுத்துங்கள். வால்யூமை ஏற்றினால் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயா வீட்டில் மறுபடி டம்ளர் பாடும்.

சட்டம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. “பத்து மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்” என்பது சட்டம் அல்ல. 1989ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1992இல் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் இரண்டு வகையைச் சொல்கின்றன. ஒன்று அளந்து பார்ப்பது: அந்த இடத்தின் வழக்கமான சத்தத்தைவிட 7 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் குற்றம். மற்றது அளக்கவே தேவையில்லாதது: ஒருவருடைய வசதியையும் அமைதியையும் கெடுக்கும் எந்தச் சத்தமும் தொல்லைதான், பகல் இரண்டு மணியானாலும் சரி. மீட்டரில் சிக்காத பேஸும் இந்த இரண்டாவதில் சிக்கும். காம்ப்ளெக்ஸில், ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அங்கேயே நடத்தை விதிகள் உண்டு. தகராறு முற்றினால் இப்படிப்பட்ட குடியிருப்புகளின் தகராறுகளைத் தீர்க்கும் குறைதீர்ப்புச் சேவைக்கு (Community Schemes Ombud Service) போகலாம். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது, போகவும் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. இந்த சனிக்கிழமை சாயங்காலம் ஆயா வீட்டுக்குப் போங்கள், வெறுங்கையோடு வேண்டாம். “ஆயா, என் பாட்டுச் சத்தம் உங்களுக்கு எங்கே கேட்குது, எப்போ கேட்குது, நானே உட்கார்ந்து பார்க்கணும்” என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தினால் “பரவாயில்லப்பா” என்று சொல்லி அனுப்பிவிடுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் தூங்கும் அறையில் உட்காருங்கள். அவர் வழக்கமாகப் படுக்கும் நேரம், மாத்திரை போட்டுக்கொள்ளும் நேரம், பூசை நேரம் எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மனைவி பாட்டைப் போட்டு, வால்யூமை மெல்ல ஏற்றட்டும். முதல் முறை அந்தப் பக்கம் அடி ஓசை புலப்பட்டதும் நிறுத்தச் சொல்லி, வால்யூம் குமிழியில் அந்த இடத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டுங்கள். எண் காட்டும் ஆம்ப் என்றால் அந்த எண்ணை எழுதி வையுங்கள். சப்வூஃபர் குமிழிக்கும் தனியாக அப்படியே. பகலில் ஒன்று, இரவு ஒன்பதுக்கு மேல் ஒன்று என்று இரண்டு குறி வையுங்கள், ஏனென்றால் இரவில் ஹிகின்சன் ஹைவே வண்டிச் சத்தம் அடங்கியதும் அதே அளவு பெரிதாகக் கேட்கும்.

சப்வூஃபரை இடம் மாற்றி, அந்த ஒரு சுரத்தை வெட்டிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள். முன்னைவிட எவ்வளவு மேலே ஏற்ற முடிகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஆயாவின் மகனிடம் உங்கள் ஃபோன் எண்ணைக் கொடுத்து, ஆயாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்கு ஹெட்ஃபோன். வீட்டில் பிறந்தநாள், தீபாவளி என்று ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்றால், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்பதை ஒரு வாரம் முன்னே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்துங்கள்.

இதெல்லாம் செய்தும் டம்ளர் நடுங்கினால், நடுச்சுவரின் தடிமன் எவ்வளவு, சீலிங்குக்கு மேலே அது எதுவரை போகிறது, டம்ளர் எந்த ஹெர்ட்ஸில் பாடியது, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து எந்தச் சுவரில் கை வைப்பது என்று சொல்கிறேன். அதுவரை அந்த அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டு, டம்ளர்களுக்கு அடியில் ஒரு துணி விரித்துவிடச் சொல்லுங்கள்.